கிளிமீனின் பன்னிரண்டு நாள்

பூங்கனி அந்தப் பொய்யைச் சொல்லிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பெரிய பொய்யெல்லாம் இல்லை, ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல் தானாகவே வளர்ந்து, படித்து, வெளிநாட்டு மாநாடு ஒன்றில் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது அது நோட்டீசாக அச்சாகி அவள் கையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

'குருவித்தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை, கிளிமீன்கள் கூட்டங்கூட்டமாக வருவதால், நூற்றுக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண் பெற்று, இப்பகுதியின் மிக ஆரோக்கியமான பாறையாகத் தேர்வாகியுள்ளது. எனவே வரும் ஒன்றாம் தேதி முதல் அது முழு அமைதி வளையமாக அறிவிக்கப்படுகிறது. மீன் பிடிப்போர், பாசி எடுப்போர் உட்பட எவரும் உள்ளே நுழையக் கூடாது.'

மூன்று தடவை படித்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினாள், கழற்றினாள்.

அவள் வேலை பார்த்த இடத்தின் பெயர் கடற்செவி மையம். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது, 'காது' என்று சுருக்கிவிட்டார்கள். கடலடியில் ஒன்பது இடங்களில் கேட்கும் கருவிகளைப் புதைத்து, கம்பி வழியாகக் கரைக்குச் சத்தத்தைக் கொண்டுவந்து, ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்திருந்தார்கள். உயிருள்ள பவளப்பாறை ஓயாமல் சத்தம் போடும். இறால் இடுக்கியைச் சொடுக்குவது எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி கேட்கும். மீன்கள் முனகும், உறுமும், பாறையைக் கொறிக்கும். செத்த பாறை வாயைத் திறக்காது. யார் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, பாறைக்குத் தினம் ஒரு மதிப்பெண் போடுவது கம்ப்யூட்டரின் வேலை. எந்தச் சத்தம் யாருடையது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது பூங்கனியின் வேலை.

அவளுக்கு அந்த வேலை சும்மா கிடைத்துவிடவில்லை. பதினாறு வயதிலிருந்து முப்பத்தொரு வயது வரை அதே பாறையில் முங்கிப் பாசி எடுத்தவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூச்சை அடக்கி உள்ளே போகும் பெண்கள் அந்தக் கரையில் நாற்பது பேர் உண்டு. தண்ணீருக்குள் கண்ணைவிடக் காதுதான் முதலில் சேதி சொல்லும். மையத்தின் தலைமை விஞ்ஞானி தமயந்தி, சென்னையிலிருந்து வந்தவர், முதல் நாள் இருபது சத்தங்களைப் போட்டுக் காட்டினார். பூங்கனி பத்தொன்பதுக்குச் சரியாகப் பதில் சொன்னாள்.

இருபதாவதுதான் வினை.

டொக், டொக். கல்லில் கல் படும் சத்தம். முதலாவது மெதுவாக, இரண்டாவது அழுத்தமாக.

அது யாரென்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவளுடைய மதினி, அண்ணன் பொண்டாட்டி இருளாயி. பாசிக்காரிகள் எல்லோரும் இடுப்பில் ஒரு கருங்கல்லைக் கட்டியிருப்பார்கள். முங்கியவள் அடியில் போய்ப் பாறையில் ரெண்டு தட்டு தட்டுவாள். 'நான் இருக்கேன்' என்று அர்த்தம். கூடப் போனவள் கேட்டுவிட்டுப் பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டுவாள். பதில் வரவில்லையென்றால் எடுத்த பாசியைப் போட்டுவிட்டுத் தேடிப் போக வேண்டும். அந்தக் கரையில் அதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

"இது என்னன்னு தெரியலையே, பூங்கனி?" என்று தமயந்தி கேட்டார்.

அந்த மாதம் ரோந்துப் படகு கெடுபிடியாக இருந்த மாதம். தீவுக்குப் பக்கத்தில் பாசி எடுப்பதற்கு அனுமதி உண்டா இல்லையா என்று யாருக்கும் தெளிவில்லை. பிடித்தால் வள்ளத்தைப் பிடுங்கிக்கொண்டு வழக்குப் போட்டார்கள். ஆட்களின் சத்தம் என்று அவள் வாயால் சொன்னால், அடுத்த நாளே அந்தக் காது போலீஸ் காதாகிவிடும்.

"கிளிமீன், மேடம்," என்றாள். "பாறையக் கடிக்குது."

தமயந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. கிளிமீன் பவளத்தின்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். அது இருந்தால் பவளம் மூச்சு விடும், அது இல்லாத இடத்தில் பாசி ஏறி அமுக்கிவிடும். அதனால் மதிப்பெண்ணில் கிளிமீனுக்குத்தான் பெரிய பங்கு. கம்ப்யூட்டர் சமர்த்துப் பிள்ளை. ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கடல் முழுக்க ரெண்டு தட்டுகளைத் தேடித் தேடி எண்ணத் தொடங்கியது.

பிறகுதான் வேடிக்கை. பாசிக்காரிகள் மாதம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மொத்தம் பன்னிரண்டு. மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டிக்கொண்ட கட்டுப்பாடு அது. கம்ப்யூட்டரோ, குருவித்தீவுக் கிளிமீன்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும், அதுவும் நிலவைப் பார்த்து மேய வருகின்றன என்று கண்டுபிடித்துவிட்டது! தமயந்தி அதைக் கட்டுரையாக எழுதினார். மாநாட்டுக்குப் போய்வந்து பூங்கனிக்கு ஒரு பொம்மைக் கிளிமீன் வாங்கிக் கொடுத்தார். பூங்கனிக்கு அதை மேசைமேல் வைக்கவும் மனசில்லை, எடுத்து எறியவும் மனசில்லை.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் இருளாயி அவளை வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, பாறை நல்லாருக்குன்னா நம்மள எதுக்கு வெளிய போகச் சொல்றாக? நாம இருக்கும்போதுதானடி நல்லாருக்கு?"

"நல்லா இருக்கிறத அப்படியே காப்பாத்தணுமாம், மதினி."

"யார்ட்டருந்து? எங்கிட்டருந்தா?" இருளாயி உலர்ந்த பாசியை உதறினாள். "நீ உள்ளதானே உக்காந்திருக்க. என்னதான் கேக்குது அந்தக் காதுக்கு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். உன் தட்டை மீன் என்று எழுதிவைத்தேன், அதனால்தான் தொண்ணூற்றொன்று, அதனால்தான் உனக்குக் கதவு சாத்தியது என்று சொல்ல வேண்டும். உண்மையை மையத்தில் சொன்னால் நாற்பது பேர்மேலும் பதினோரு மாத வழக்கு. சொல்லாவிட்டால் நாற்பது பேருக்கும் கடல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"மீன் சத்தந்தான் கேக்குது," என்றாள்.

இருளாயி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்றாம் தேதி வளையம் வந்தது. எந்த இன்ஜின் சத்தம் கேட்டாலும் காது ரோந்துப் படகைக் கூப்பிட்டுவிடும். முதல் வாரம் கிளிமீன் சத்தம் இல்லை. ஓய்வு நாட்கள்தானே என்று தமயந்தி சிரித்தார். பௌர்ணமி வந்தது. ரெண்டு தட்டு ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் எண்பதாயிற்று, அறுபத்தாறாயிற்று, முப்பத்தாறில் வந்து நின்றது. சுவரிலிருந்த திரை சிவப்பாக மாறியது.

"ஆளையெல்லாம் வெளிய அனுப்பின பிறகு எப்படி விழும்?" தமயந்தி அறையின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். "ஏதோ நோய் வந்திருக்கு. இல்லன்னா தண்ணி சூடாகியிருக்கு. நீ என்ன நினைக்கிற, பூங்கனி?"

"தெரியல, மேடம்."

"கவலைப்படாதே. வழி இருக்கு. மீன் குஞ்சுங்க எப்படி வீடு தேடும் தெரியுமா? சத்தத்தக் கேட்டுத்தான். கலகலன்னு இருக்கிற பாறைப் பக்கமா நீந்திப் போகும். அதனால நல்லா இருந்தப்போ பதிவு பண்ண சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டா, புதுக் குஞ்சுங்க வந்து தங்கும். வேற கடல்கள்ல செஞ்சு பார்த்திருக்காங்க."

"கம்ப்யூட்டரு ஸ்பீக்கர் சத்தத்தையும் சேத்து எண்ணிராதா?"

"அதைக் கழிச்சுட்டுத்தான் எண்ணும். கிளிமீன்ல ரொம்பத் தெளிவான பதிவு ஒண்ணு இருக்கு பார், அதத்தான் எடுத்திருக்கேன்."

போட்டுக் காட்டினார். டொக். நடுவில் ஒரு இறால் சொடுக்கியது. டொக். முதலாவது மெதுவாக, இரண்டாவது அழுத்தமாக.

கடலுக்குள் போகக் கூடாதென்று தடுக்கப்பட்ட ஒருத்தியின் 'நான் இருக்கேன்' என்ற சேதியைக் கடலுக்குள் ஒலிபரப்பப் போகிறார்கள். மீன் குஞ்சுகளை அழைப்பதற்காக! சிரிக்க வேண்டிய விஷயம்தான். பூங்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று சாயங்காலம் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். சாயங்காலம் போனபோது இருளாயி சந்தைக்குப் போயிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. ஸ்பீக்கர் கடலடியில் நான்காம் காதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருபது விநாடிக்கு ஒருமுறை அதே ரெண்டு தட்டு, நடுவில் அதே இறால் சொடுக்கு. பூங்கனி ஹெட்போனில் மற்றச் சத்தங்களுக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது இன்னொரு தட்டு கேட்டது.

டொக், டொக். முதலாவது மெதுவாக, இரண்டாவது அழுத்தமாக. நடுவில் சொடுக்கு இல்லை.

அடுத்து, வேறு கை. படபடவென்று ஒரே அளவில் ரெண்டு. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள். இன்ஜினைத் தொடாமல் துடுப்புப் போட்டே போயிருக்கிறார்கள்! அடுப்பு எரிய வேண்டுமே என்று போயிருப்பார்கள். ரெண்டு பேர்தான் போலிருக்கிறது. பூங்கனி பக்கத்து மேசையைப் பார்த்தாள். தமயந்தி எதையும் கவனிக்கவில்லை, திரையில் வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பூங்கனி அவசரமாக அந்தத் தட்டுகளுக்கு 'கிளிமீன்' என்று போட்டாள். பழகிய கை.

இருளாயி, பொன்னாத்தாள். இடையில் ஸ்பீக்கர். இருளாயி, பொன்னாத்தாள். ஸ்பீக்கர்.

பிறகு ஸ்பீக்கர், பொன்னாத்தாள். ஸ்பீக்கர், பொன்னாத்தாள்.

பூங்கனியின் கை நின்றது. நடுவில் அந்தச் சொடுக்கு. மறுபடியும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டொக், சொடுக்கு, டொக். பொன்னாத்தாள் உடனே பதில் தட்டினாள். மதினி நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் பாசி பறிக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்வது இருளாயி இல்லை, இரும்புப் பெட்டி.

கடைசியாக மதினியின் நிஜத் தட்டு கேட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? திரையில் பார்த்தாள். ஒரு நிமிடம் பத்து விநாடி.

"மேடம், ஸ்பீக்கர நிப்பாட்டுங்க!"

"ஏன், என்னாச்சு?"

"நிப்பாட்டுங்க மேடம், உடனே நிப்பாட்டுங்க! உள்ள ஆள் மாட்டியிருக்கு!"

"அங்க ஆளே கிடையாது. கிளிமீன் சத்தம் இப்பத்தான் திரும்ப வருது, நானே திரையில—"

"அது கிளிமீன் இல்ல! எங்க மதினி! தட்டுறது எங்க மதினி, முதல்லருந்தே ஆளுகதான், நாந்தான் பொய் சொன்னேன்!" குரல் உடைந்து அறை முழுக்கக் கேட்டது. "நீங்க நிப்பாட்டுனாத்தான் பொன்னாத்தா தேடுவா! பதில் வந்துக்கிட்டே இருந்தா அவ தேட மாட்டா, மேடம்!"

தமயந்தி அவளைப் பார்த்தார். கட்டுரை, மாநாடு, தொண்ணூற்றொன்று எல்லாமே அந்த ஒரு பார்வையில் வந்துபோயின. ஆனால் கை அதற்காகக் காத்திருக்கவில்லை, சுட்டியை அழுத்திவிட்டது. ஸ்பீக்கர் நின்றது. அடுத்த கணமே தொலைபேசியை எடுத்து ரோந்துப் படகைத் தீவுக்கு விரட்டினார்.

பூங்கனி ஹெட்போனைக் கழற்றி, ஒலியை அறைக்குத் திருப்பினாள். கடுகு பொரிவதுபோல் இறால்களின் சத்தம். பொன்னாத்தாள் ரெண்டு தட்டு தட்டினாள். பதில் இல்லை. இன்னும் ரெண்டு. பதில் இல்லை.

"போடி," என்றாள் பூங்கனி கடல் தெரியும் கண்ணாடிச் சுவரைப் பார்த்து. "போ, போ, போ."

தண்ணீரைக் கிழிக்கும் சத்தம். கல் உருளும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. பூங்கனி தன்னை அறியாமல் தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். திரையில் விநாடிகள் ஓடின. தமயந்தி அவள் தோளைப் பிடித்தார், யாருக்கு ஆதரவாக என்று சொல்ல முடியாது.

நான்கு நிமிடம் கழித்து வள்ளத்தின் அடிப்பலகையில் யாரோ தொடர்ந்து ஓங்கி ஓங்கி அடித்தார்கள். ஆளை மேலே ஏற்றியாயிற்று, உதவி வேண்டும் என்று அர்த்தம். பூங்கனி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இருளாயி பிழைத்துக்கொண்டாள். பாறை இடுக்கில் கால் சிக்கியிருந்தது. பொன்னாத்தாள் இழுத்தெடுத்தபோது மூச்சில்லை. வள்ளத்திலேயே நெஞ்சை அமுக்கித் தண்ணீரைக் கக்க வைத்திருக்கிறாள். ரோந்துப் படகுதான் கரைக்குக் கொண்டுவந்தது. நுரையீரலில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருக்க வேண்டியதாயிற்று.

தமயந்தி பூங்கனியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ரெண்டு தட்டையெல்லாம் கழிச்சுட்டுப் பதினோரு மாசத்தையும் மறுபடி எண்ணச் சொன்னேன்," என்றார். "பாரு."

தொண்ணூற்றொன்று இருந்த இடத்தில் முப்பத்தேழு இருந்தது. அதற்கு முந்தைய மாதம் முப்பத்தொன்பது. அதற்கும் முன்னால் நாற்பத்துநான்கு.

"நிஜக் கிளிமீன் ஒண்ணுமே இல்லியா, மேடம்?"

"மாசத்துக்கு நாலு, அஞ்சு கடி. அவ்வளவுதான். பாறை செத்துக்கிட்டே இருந்திருக்கு, பூங்கனி. நாம அதுக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

பூங்கனி தன் ஆட்களுக்காகச் சொன்ன பொய் தன் ஆட்களைத்தான் அடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாறையையும் சேர்த்து அடித்திருக்கிறது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தான் எழுதியது பொய் என்று தெரிந்தும், அந்தப் பதினோரு மாதத்தில் குருவித்தீவில் கிளிமீன் நிறைய இருக்கிறது என்று அவளும் எப்படியோ நம்பத் தொடங்கியிருந்தாள். திரையில் அப்படித்தானே இருந்தது.

"நான் மேல எழுதி அனுப்பணும்," என்றார் தமயந்தி. "தப்பு என்னோடதுன்னுதான் எழுதுவேன். கேக்க வேண்டியத கேக்காம விட்டது நான். ஆனா அந்தத் தட்டுங்களுக்கு ஒரு பெயர் வேணும். எது யாருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொண்ணும் தெரியும்."

"பெயர் போட்டா அது சாட்சியாயிடும். பாதுகாக்கவும் ஆகலாம், வழக்குப் போடவும் ஆகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது. அவங்களைக் கேட்டுட்டு வா."

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. இருளாயி இரும்புக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொன்னாத்தாள் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பூங்கனி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், முதல் நாளின் அந்த ஒரு சொல்லிலிருந்து முப்பத்தேழு வரை. ஒன்றையும் மறைக்கவில்லை.

இருளாயி முடிந்ததும் கேட்டாள்.

"கிளிமீன் இல்லன்னு மெஷினு இப்பத்தான் சொல்லுதாக்கும்?"

"ஆமா, மதினி."

"நான் அத அங்கன பாத்து ரெண்டு வருசமாச்சுடி. பவளத்து மேல பாசி மெத்த கணக்கா ஏறிக் கெடக்கு. நாங்க பிய்க்கிற எடத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் படுது. நாங்க மிதிச்சும் கொஞ்சம் ஒடையுது, அதையும் இல்லங்கல." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "கிளிமீனு கூட்டங்கூட்டமா வருதுன்னு ஒங்க நோட்டீசுல போட்டிருந்தாக. கரையில ஒக்காந்து அத்தன பேரும் சிரிச்சோம். பெரிய படிப்பு படிச்சவுக சொல்றாகளேன்னு விட்டுட்டோம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மதினி."

"நீ கேட்டியா? ஒங்க மேடம் கேட்டாகளா? தண்ணிக்குள்ள ஒம்பது காது வச்சீக. கரையில ஒரு காது வச்சீகளா?"

பூங்கனி வந்த காரியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தட்டுகளுக்குப் பெயர் கேட்கிறார்கள், போட்டால் வழக்கும் வரலாம், வேண்டாமென்றால் 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிவிடலாம்.

"எம் பேரப் போடு," என்றாள் இருளாயி யோசிக்காமல். "மத்தவளுகள நான் கேட்டுச் சொல்றேன். வழக்குப் போட்டா கோர்ட்டுல வந்து நிக்கிறேன், கிளிமீனு என்னைக்கிருந்து இல்லன்னு அங்கன வந்தே சொல்றேன். மீன் பேர்ல சாகறதுக்கு எனக்கு இஷ்டமில்ல."

அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பூங்கனி கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். போவதா இருப்பதா என்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே இருளாயி விரல் முட்டியால் கட்டில் சட்டத்தில் ரெண்டு தட்டு தட்டினாள். முதலாவது மெதுவாக, இரண்டாவது அழுத்தமாக.

பூங்கனி பரபரவென்று கையைத் தூக்கினாள். அவள் கை சட்டத்தைத் தொடுவதற்குள் வராந்தாவில் ஜன்னல் கம்பியில் படபடவென்று ரெண்டு தட்டு கேட்டது. இருளாயியின் முகம் தளர்ந்தது, தூக்கத்துக்குத் திரும்பினாள்.

பூங்கனி தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.